ஏட்டறிவும் அநுபவ அறிவும்

(வெள்ளானூரில் கூடிய நம் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

மெய்யறிவு பெற விரும்பும் ஒருவன் அதனை நூல்களில் தேடுவதா, தன் உள்ளத்தில் தேடுவதா என்னும் வினா மிகப் பழையது. அவ்வினாவை இன்று ஈண்டு எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. இவ்வெள்ளானூரில் ஒரு படிப்பகம் அமைத்தல் வேண்டும் என்று நம் சங்கத்தார் எண்ணி வருகின்றனர். அதுபற்றிய பேச்சில் இருவகைக் கருத்துகள் எழுந்தன. ஒரு சாரார், "நூலைக் கட்டிக்கொண்டு அழுவதாற் பயன் யாது? இராமலிங்க வள்ளலார் பள்ளிக்குச் சென்றா படித்தார்? உள்ளே தேடினாற் போதாதா?" என்றனர். மற்றொரு சாரார், "நூலின்றி அறிவு ஏது? உள்ளே தேடுக என்பது படிக்கச் சோம்பியவர் கூறும் சாக்கு" என்றனர். இரு சாராரும் நம் அன்பர்களே; இரு சாரார் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. வள்ளலார் பெயர் இதில் எடுத்தாளப்பட்டமையால், அவர் வரலாற்றையே சான்றாக வைத்து இதனை ஆராய்தல் தகும்.

வள்ளலார் நமக்கு அயலூரார் அல்லர். சிதம்பரத்தையடுத்த மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் பிறந்தாரேனும், குழந்தைப் பருவத்திலேயே தந்தையாரை இழந்தமையால், தாயார் சின்னம்மையார் தம் மக்களை அழைத்துக்கொண்டு பொன்னேரியை அடுத்த தம் பிறந்த ஊராகிய சின்னக்காவணத்துக்கு வந்தார். பின்னர்க் குடும்பம் சென்னையிற் குடியேறிற்று. ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த வள்ளலார் நாடோறும் திருவொற்றியூர்க்கு நடந்து சென்று வழிபட்டார். நமக்கு அணித்தேயுள்ள திருமுல்லைவாயிற் பெருமானையும் அவர் பாடியுள்ளார். எனவே, இத்தொண்டை நாட்டு மண்ணில் அவர் அடி படாத இடம் சிலவே எனல் மிகையாகாது.

அவர் ஓதாது உணர்ந்தவர் என்பது யாவரும் அறிந்தது. தமையனார் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைத் தாங்கியவர். தம்பியைத் தாமே கற்பிக்க முயன்றார். பின்னர்க் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் ஒப்புவித்தார். இளைஞரோ பாடத்திற் கருத்தூன்றாது கோயிலையே நாடினார். தமையனார் நோயுற்ற ஒருநாள், அவர்க்கு ஈடாகச் சென்று பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தர் வரலாற்றை விரித்துரைத்து, அவையோரை வியக்கச் செய்தார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. தமக்கு ஆசிரியன் இறைவனே என்பதை அவரே தம் பாடல்களிற் பலகாலும் நன்றியோடு சொல்லுகின்றார். ஆதலின், மெய்யறிவு பள்ளிக்கூடத்தார் வழங்கும் பொருள் அன்று என்னும் முதற்சாரார் கூற்றை யாம் மறுக்கவில்லை. நூல் கற்பித்து வயிறு வளர்க்கும் யாமே இதனை ஒப்புகின்றோம் என்பதை நீங்கள் கருதவேண்டும்.

ஆயினும், அவ்வன்பர்கள் அவர் வரலாற்றில் ஒரு பகுதியை விட்டுவிட்டனர். ஓதாதுணர்ந்த அப்பெருமான் நூல்களைத் தேடிப் பதிப்பித்தவர். 1851-ஆம் ஆண்டில் 'ஒழிவிலொடுக்கம்' என்னும் நூலைத் திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள் உரையோடு வெளியிட்டார். 1855-இல் படிக்காசுப் புலவர் இயற்றிய 'தொண்டமண்டல சதகம்' அவரால் அச்சேறியது. 1857-இல் 'சின்மய தீபிகை' வெளிவந்தது. மூன்றும் அவர் சென்னையிலிருந்த காலத்துச் செய்த பணிகள்.

அந்நாளில் பதிப்பித்தல் எத்தகைய உழைப்பு என்பதை இளைஞர்கள் அறிதல் நலம். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகரமோ ஏகாரமோ, ஒகரமோ ஓகாரமோ என்பது எழுத்தால் விளங்காது. ரகரமும் காலும் ஒரே வடிவின. சீர் பிரித்தல் இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. ஏடெழுதுவோர் பிழையும் செல்லரித்த இடமும் வேறு. இவற்றினூடே ஒரு பாட்டின் உண்மைப் பாடத்தைக் காணவேண்டுமாயின், இலக்கணமும் இலக்கியமும் கைவந்திருத்தல் வேண்டும். பொறுமை அவற்றினும் மிகுதியாக வேண்டும். தொண்டமண்டல சதகப் பதிப்பில், நூற்பெயர் 'தொண்டைமண்டலம்' என ஐகாரம் பெறாமல் 'தொண்டமண்டலம்' என நிற்பது பொருந்துமா என்னும் ஒரு சிறு வினாவை எடுத்துக்கொண்டு, இலக்கண அமைதி காட்டி விரிவாக எழுதியிருக்கின்றார். ஓர் எழுத்தின்பொருட்டு அத்துணைக் கவலை! ஏடு வீண் என்று கருதிய ஒருவர் இதனைச் செய்வாரா?

இன்னும் ஒன்று நோக்குங்கள். ஒழிவிலொடுக்கம் எதனைக் கூறும் நூல்? 'யான்' 'எனது' என்னும் செயல்கள் யாவும் ஒழிந்து உயிர் திருவருளில் ஒடுங்கும் நிலையைக் கூறும் நூல். சொல்லிறந்த நிலையைச் சொல்லால் உரைக்கப் புகுந்த நூலை, அந்நிலையை நாடிய ஒருவரே எழுத்தெண்ணிப் பதிப்பித்தார். இதில் முரண்பாடு சிறிதும் இல்லை. வழிநடந்து சென்றவர் பின்வருவார்க்கு எழுதிவைத்த கடிதமே நூல். நடக்க விரும்பாதவனுக்கு அக்கடிதம் வெறுங்காகிதம். நடப்பவனுக்கோ அதன் ஓரெழுத்தும் விலைமதிப்புடையது.

இனி இரண்டாம் சாரார்க்கு வருவோம். நூலே அறிவுக்கு எல்லை என்று கொண்டால் வரும் இடர்ப்பாட்டையும் அப்பெருமான் வரலாறே காட்டுகின்றது. அவருடைய பாடல்களைத் தொகுத்து வெளியிட அன்பர்கள் விரும்பினர். அவர் எளிதில் உடன்படவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்பவர், பாடல்கள் வந்துசேரும்வரை நாளுக்கு ஒருவேளையே உண்பதென உறுதிபூண்டார்; அதன்பின்னரே இசைவு கிடைத்தது. அப்போதும் தம் பெயரை 'இராமலிங்கசாமி' என வழங்குதல் ஆரவாரமாகத் தோன்றுவதால் அதனை விலக்குமாறு அவர் எழுதினார். தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-ஆம் ஆண்டில் முதல் நான்கு திருமுறைகளை வெளியிட்டார். 'திருவருட்பா' என்னும் பெயரும், 'திருமுறை' என்னும் பகுப்பும் மாணாக்கர் சூட்டியவை.

அப்பெயரே பெரும்பூசலுக்கு வித்தாயிற்று. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர், தேவாரம் திருவாசகம் முதலியவையே அருட்பா எனத் தகுவன என்றும், உடன்வாழும் ஒருவர் பாடலை அவற்றோடு வைத்து எண்ணுதலும் கோயிலில் ஓதுதலும் முறையன்று என்றும் கண்டித்தார். 'போலியருட்பா மறுப்பு' என்னும் நூல் எழுந்தது. வழக்கு 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருபெரியாரும் மறைந்த பின்னரும் பூசல் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளை ஒரு பக்கத்தில் நின்றார். மறுபக்கத்தில் அருட்பாவுக்காக வாதாடியவர்களுள் ஒருவர் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இசுலாமியப் புலவர். இஃது எண்ணி மகிழத்தக்க செய்தியன்றோ!

நாவலரை யாம் குறைகூற வந்தோமல்லோம். அவர் 1848-இல் வண்ணார்பண்ணையிற் பள்ளிக்கூடம் நிறுவி, அடுத்த ஆண்டே அச்சுக்கூடமும் கண்டு, தமிழ்ப் பிள்ளைகள் பிழையின்றிப் படிப்பதற்கு வழிசெய்தவர். தமிழ்ப் புலவர் எவரும் அவர்க்குக் கடன்பட்டவரே. அவர் கேட்ட வினாவிலும் நியாயம் உண்டு. "என் உள்ளத்தில் இறைவன் பேசினான்" என்று எவனும் கூறலாம். கூறுவோரில் மெய்யர் சிலர், மயங்கினோர் பலர், ஏமாற்றுவோரும் உளர். அநுபவம் என்ற பெயரால் வருவதை எல்லாம் ஏற்றுக்கொண்டால் உலகம் என்னாவது? அளவுகோல் ஒன்று வேண்டுமல்லவா? நாவலர் பழைய திருமுறைகளை அளவுகோலாக வைத்தார். ஆனால், பழைய நூல்களும் அவை தோன்றிய நாளில் புதியனவே. நூலை நூலால் அளந்தவர்கள் இரண்டு தலைமுறை வாதிட்டும் முடிவு காணவில்லை என்பதை வரலாறு காட்டுகின்றது.

அப்படியாயின் வேறு அளவுகோல் உண்டா? உண்டு. வள்ளலாரே அதனைத் தந்திருக்கின்றார். திருவருட்பா அச்சேறிய அதே 1867-ஆம் ஆண்டில், மே மாதம் 23-ஆம் நாள், அவர் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்து வந்தோர் இன்னார் இனியார் என்னாமல் உண்பதற்கென அங்கு மூட்டிய அடுப்பு இந்நாள்வரை அணையாமல் எரிகின்றது. 'சீவகாருணிய ஒழுக்கம்' என்னும் உரைநடையில், பிற உயிரின் பசியைக் கண்டு இரங்கி அதனை நீக்குதலே இறைவன் அருளைப் பெறும் வழி என்று அவர் வற்புறுத்துகின்றார். உள்ளே ஒளி கண்டேன் என்பவன் எதிரே நிற்பவனுடைய பசியைக் காணவில்லையாயின், அவன் கண்டது ஒளியன்று. நூல் பல கற்றேன் என்பவனுக்கும் இதுவே சோதனை. ஏட்டறிவும் அநுபவ அறிவும் உண்மையா பொய்யா என்று உரைத்துப் பார்க்கும் கல் ஒழுக்கமே.

இந்த உரைகல்லில் இருபெரியாரையும் வைத்துப் பாருங்கள். ஒருவர் வடலூரில் அடுப்பு மூட்டினார். மற்றவராகிய நாவலரும், 1877-ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்தபோது, பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். 'அருட்பா' என்ற ஒரு சொல்லில் மாறுபட்ட அவ்விருவரும் கஞ்சிக் கலயத்தில் ஒன்றுபட்டனர். அவர் பெயரால் பின்னும் வாதிட்டவர்கள் இதனை நினைந்திருப்பின் எவ்வளவு மையும் காகிதமும் மிஞ்சியிருக்கும்!

வேறொரு சான்றும் காட்டுவோம். திருவண்ணாமலை இரமண மகரிஷிகள் 1896-இல், தம் பதினாறாம் வயதில், மதுரையில் இருந்தபோதே ஆன்ம அநுபவம் பெற்றவர். அதற்குமுன் அவர் ஈடுபட்டுக் கற்ற பத்திநூல் பெரியபுராணம் ஒன்றே என்பர். வேதாந்த நூல்களை அவர் கற்றது பின்னர். அதுவும் தமக்காக அன்று. அவர்க்குத் தொண்டு செய்த பழனிசாமி என்னும் அன்பர் மலையாளம் அறிந்தவர். தமிழ் நூல்களைக் கொணர்ந்து எழுத்துக்கூட்டிப் படித்து இடர்ப்பட்டார். அதனைக் கண்டு இரங்கி, மகரிஷிகள் அந்நூல்களைத் தாமே படித்து, பொருளை எளிதாக்கி அவர்க்குச் சொன்னார். தாம் முன்னரே உணர்ந்ததையே நூல்கள் சொல்லக் கண்டார். இங்கும் அநுபவத்தையும் நூலையும் இணைத்தது பிறர் இடர்கண்டு இரங்கிய இரக்கமே.

நூல் எப்பொழுது உள்ளத்தில் இறங்குகின்றது என்பதை எம் வகுப்பறையிலும் யாம் காண்கின்றோம். பசியைப் பற்றிய ஒரு பாட்டைப் பாடஞ் சொல்லுமிடத்து, காலையில் உண்ணாது வந்த பிள்ளை பொருள் கேட்பதில்லை. அவன் முகமே அப்பாட்டுக்கு உரை. வயிறார உண்டுவந்த பிள்ளைக்கோ பதவுரையும் பொழிப்புரையும் சொல்லவேண்டியிருக்கின்றது. பட்டறிவு உள்ள இடத்திலேதான் ஏட்டறிவு வேர் கொள்ளும். ஆனால், பசித்த பிள்ளைக்கும் அப்பாட்டு ஒன்று செய்கின்றது. தன் பசி தனக்கு மட்டும் உரியதன்று, எத்தனையோ உயிர்கள் பட்டது என்று அவனுக்கு அறிவிக்கின்றது. தன் துன்பத்தை உலகத் துன்பத்தோடு சேர்த்துக் காட்டுவதே நூலின் தொழில் என்று யாம் கருதுகின்றோம்.

அன்பர்களே! இவ்வளவு சொன்னபின் நம்மை நோக்கி ஒருசொல் சொல்லாது போதல் நேர்மையன்று. நம்மவர் இல்லங்கள் பலவற்றில் திருவருட்பா இருக்கின்றது. இக்காலத்தில் கைப்பேசியிலேயே ஆறு திருமுறைகளையும் ஒருங்கே காணலாம். அவற்றுள் ஆறாம் திருமுறை, வள்ளலார் 1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் மறைந்த பின்னர், 1885-இல் முதன்முதல் அச்சாயிற்று. அதனைக் கற்றோர் அறிவர்: சாதி வேற்றுமையையும் சமயப் பூசலையும் அவர் எத்துணைக் கடுமையாக விலக்கினார் என்பதை. நாமோ சாதியின் பெயரால் ஒரு சங்கம் வைத்திருக்கின்றோம். அச்சங்கத்தின் கூட்டத்திலேயே அவரைப் போற்றுகின்றோம். இதற்கு நாம் என்ன விடை கூறுவோம்?

விடை கூறலாம், வெட்கமின்றியே கூறலாம். நம் முன்னோர் இச்சங்கத்தைப் பிறரைத் தாழ்த்துவதற்காக அமைக்கவில்லை. படிப்புக்கும் வேலைக்கும் வேண்டிய கதவுகள் தமக்கு எளிதில் திறவாத காலத்தில், ஒருவர்க்கொருவர் கைகொடுத்து ஏறுவதற்காக அமைத்தனர். ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் சம்பளமும் உதவினர். வெளியூர் சென்று படிப்பார்க்குத் தங்க இடம் தேடித் தந்தனர். மூடிய கதவின்முன் நின்றவர் படும் மனநோவு நம் குடும்பத்துப் பெரியோர் பட்டறிந்தது. நம் சமூகத்தின் அநுபவ அறிவு என்று ஒன்று உண்டானால் அஃது இதுவே.

அவ்வநுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருவருட்பாவைத் திறந்து பாருங்கள். அப்பொழுது அந்நூல் வேறொருவர்க்கு எழுதப்பட்டதாகத் தோன்றாது. நாம் பட்ட நோவைப் பிறன் படுதல் கூடாது என்று அது நம்மிடமே பேசும். சத்திய ஞானசபையில் ஏழு நிறத்திரைகளை ஒவ்வொன்றாக விலக்கியே சோதியைக் காட்டுகின்றனர். 1872-இல் தொடங்கிய அவ்வழிபாட்டைத் தைப்பூசத்தன்று பல்லாயிரவர் கண்டு வருகின்றனர். அங்கே திரை விலகக் கண்டு கைகூப்பிவிட்டு, இங்கே நம் படிப்பகத்து வாயிலில் நாமே ஒரு திரையைத் தொங்கவிடலாமா?

இப்போது நம்முன் உள்ள திட்டத்தில், படிப்பகம் 'நம் மரபினர் பிள்ளைகளுக்கு' என்று ஒரு தொடர் காணப்படுகின்றது. எழுதியவர் தீய எண்ணத்தால் எழுதினாரல்லர். சங்கத்துப் பணம் சங்கத்தார்க்கே என்னும் வழக்கத்தால் எழுதினார். அத்தொடரை நீக்கி, 'வெள்ளானூர்ப் பிள்ளைகள் அனைவர்க்கும்' என்று எழுதவேண்டுமென யாம் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம். ஏரியும் வயலுமாக இருந்த இவ்வட்டாரத்தில் இந்நாளிற் கல்லூரிகளும் குடியிருப்புகளும் பெருகியிருக்கின்றன. பல ஊரிலிருந்தும் பல மொழி பேசுவோரும் பிழைப்பு நாடி வந்திருக்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் மாலைநேரத்தில் உட்கார்ந்து படிக்க அமைதியான இடமின்றி இருக்கின்றனர். ஒரு மேசையும் ஒரு விளக்கும் நமக்கு அரியவை அல்ல.

"நம் பிள்ளைகளுக்கு இடம் போதாமற் போனால்?" என்று சிலர் கேட்கலாம். கேட்பது முறையே. நம் பிள்ளைகளுக்குரிய கல்வி உதவித்தொகையை யாம் தொடச் சொல்லவில்லை. அது நம் முன்னோர் அறக்கட்டளை, அவ்வாறே நடைபெறுக. படிப்பகமோ அன்னதன்று. சோற்றைப் பகிர்ந்தால் அளவு குறையும். விளக்கொளியில் இருவர் படித்தாலும் இருபதின்மர் படித்தாலும் ஒளி குறைவதில்லை. இடம் போதாது போமாயின், இரண்டாம் அறை கட்டுவதற்கு நன்கொடை கேட்க அதனினும் நல்ல காரணம் நமக்கு வாயாது.

மற்றும் ஒன்று. அப்படிப்பகத்தில் வாரம் ஒருநாள் மாலை ஒரு நூலின் சிறு பகுதியை ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். படித்தபின், "இதனால் நாம் செய்யத்தக்கது யாது?" என்னும் ஒரே வினாவை எழுப்புவோம். வந்த பிள்ளைகளுக்கு ஒரு குவளைக் கஞ்சியோ சுண்டலோ அளிப்போம். நூலும் உண்டு, கேட்டு உள்ளே எண்ணுதலும் உண்டு, ஈதலும் உண்டு. "உள்ளே தேடுக" என்ற அன்பர்க்கும், "நூலைக் கற்க" என்ற அன்பர்க்கும் அங்கு இடமுண்டு. இருவரும் பரிமாறும் வேலையிற் கைகொடுக்கலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. உண்மையே, ஆயினும், விதையை எந்நாள் ஊன்றுவது, பந்தலை எங்ஙனம் போடுவது என்பதை ஏடு சொல்லும். ஊன்றுவதும் நீர் வார்ப்பதும் நம் கை செய்யவேண்டியவை. காய்த்தபின் அண்டை வீட்டார்க்கும் இரண்டு கொடுப்பது நம் ஊர் வழக்கம். அவ்வழக்கத்தைப் படிப்பகத்திற்கும் ஆக்குவோமாக.

 திருவருள் துணைநிற்க.